ஓமினே எரிக்காத தாள்

எனக்கு வாய் அதிகம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கந்தாவில் எங்கள் சந்துக்குள் நுழைந்து ஓதாமி வீடு எது என்று கேட்டால், வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் சொல்வார்கள். ஆறு வீடுகள் ஒட்டினாற்போல நிற்கும் வரிசை. நடுவில் இருப்பதெல்லாம் பலகைச் சுவர். அந்தப் பக்கம் யசோகிச்சி தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

யசோகிச்சி படம் செதுக்குகிறவன். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பதைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் உளியால் எடுத்துவிடுவான். அந்தப் பலகையில் மை தடவித்தான் படம் அச்சாகும். நான் அப்போது அச்சாகி வருகிற தாளை விசிறியில் ஒட்டுகிறவள். புருஷன் போய் ஒன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. மூங்கிலைக் கீற்றுக்கீற்றாகப் பிளந்து விரித்த சட்டங்கள் கட்டுக்கட்டாக வரும். பசை காய்ச்சி, கீற்றுகளை ஒரே இடைவெளியில் பிடித்து, முன்னுக்கு ஒரு தாள், பின்னுக்கு ஒரு தாள் ஒட்ட வேண்டும். காய்ந்ததும் வளைந்த கத்தியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஓரத்துக்குப் பட்டை ஒட்டினால் விசிறி. குளிர் போவதற்குள் தொடங்கினால்தான் வெயில் வரும்போது கடைக்குப் போய்ச் சேரும். விரல் இடுக்கெல்லாம் பசை காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்தக் கையாலேயே சோறு தின்ன வேண்டும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் வேலை கொடுத்தது ஹோரியே தெருவிலிருக்கும் ஒகினோயா என்கிற விசிறிக் கடை.

யசோகிச்சியின் பெண்டாட்டி ஓமினே. கட்டிக்கொண்டு வந்து நாலு வருஷம். குழந்தை இல்லை. அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். போதாததற்கு அவளுடைய அண்ணன் கிங்கோரோவும் செதுக்குகிறவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோன்ஜோவில் இருக்கிறான். போன வருஷம்தான் மிகசாயா என்கிற இன்னொரு விசிறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒகினோயாவுக்கும் மிகசாயாவுக்கும் ஜென்மப் பகை.

அந்த வருஷம் ஒகினோயா முழுசாக நம்பியிருந்தது ஒரே ஒரு படத்தை. தலைக்குக் குளித்த பெண் ஒருத்தி முடியை முதுகில் விரித்துப் போட்டு, சீப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் படம். ஆனால் காதுக்கு மேலே முடி தொடங்குகிற இடம் இருக்கிறதே, அங்கே ஒரு நகத்தின் அகலத்துக்குள் இருபது கோடு. செதுக்குகிற எல்லாராலும் அது ஆகாது. யசோகிச்சியால் ஆகும் என்றுதான் அவனுக்கு அந்தப் பலகை வந்தது.

நாலாம் மாதம் பத்தாம் தேதி இருக்கும். அச்சான தாளை நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒகினோயாவின் தலைமைக் கணக்கர் ரிஹேய் வந்த சத்தம் கேட்டது. ரிஹேய் வந்தால் தேநீர் குடித்து, மழை பற்றிப் பேசி, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் பசைக் குச்சியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன்.

"யசோகிச்சி, இந்த ரெண்டு விசிறில நம்மது எதுன்னு சொல்லு."

யசோகிச்சி வாங்கிப் பார்த்தான். "இது நம்மது. இது எங்க கிடைச்சுது?"

"ரியோகோகு பாலத்துகிட்ட. மிகசாயாக்காரன் விரிச்சு வச்சு வித்துக்கிட்டிருக்கான். எட்டு நாளாச்சாம். நம்ம விசிறி இன்னும் காயக்கூட இல்லை."

"நிறமெல்லாம் மட்டமா இருக்குங்க. நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. அவ்வளவுதான்."

"நிறத்தை யாரு கேட்டா? பொம்பளையைப் பாரு. அதே கழுத்து, அதே சீப்பு. ஓவியர் வரைஞ்ச தாள் ஒண்ணே ஒண்ணு. அது நீ செதுக்கறப்பவே பலகையோட போயிடுச்சு. அப்ப அவன் எதைப் பாத்துச் செதுக்கினான்?"

"அச்சுப் போடற வீட்டுல கேட்டீங்களா?"

"கேக்காம வருவேனா? அங்க அச்சு ஆரம்பிச்சது போன மாசக் கடைசியில. அதுக்குள்ள அவன் செதுக்கி, அச்சுப் போட்டு, ஒட்டி, வித்தும் தீத்துட்டான். இது அதுக்கும் முன்னாலயே வெளிய போயிருக்கு. முன்னாலன்னா உன் வீடு."

யசோகிச்சி இரண்டு விசிறியையும் கீழே வைத்தான். ரிஹேய் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அஞ்சு நாள் தரேன். உன் வீட்டிலிருந்து எப்படிப் போச்சுன்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லிடு. இல்லைன்னா விசிறிக்காரங்க சங்கத்துல வச்சிடுவோம். அப்புறம் ஹோரியேல ஒரு கடைக்காரனும் உன் கையில பலகை தரமாட்டான்."

ஓமினே தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். ரிஹேய் அதைத் தொடவில்லை. "உங்கண்ணன் சௌக்கியமாம்மா? இப்ப மிகசாயாவிலதானே இருக்கார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சந்துக்கு வேறென்ன வேண்டும்? கிணற்றடியில் அன்றைக்கு அரிசி கழுவ வந்தவர்கள் யாரும் அரிசி கழுவவில்லை. சிப்பி விற்கிறவன் பெண்டாட்டிதான் ஆரம்பித்தாள்.

"அந்த அமுக்குணியா இப்படிப் பண்ணிருப்பா?"

"யாரு கண்டா?" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வாயா இது? "ரெண்டாம் மாசம், செத்தவங்களுக்குப் படைக்கிற சமயத்துல, அண்ணன் வீட்டுக்குப் போனாளே. கையில மூட்டை. என்னம்மான்னு கேட்டேன். பலகாரம்னா. பலகாரம்னா உருண்டையா இல்லை இருக்கும்? இது தட்டையா இருந்துச்சு."

"தட்டையாவா!"

"தட்டையா. இதோ இவ்வளவு அகலம்." கையை விரித்துக் காட்டினேன். காட்டின அகலம் ஒரு விசிறித் தாளின் அகலமாக அமைந்துவிட்டது. வேண்டுமென்று காட்டினேனா, வருஷக்கணக்காக அதே அளவைத் தொட்டுத் தொட்டுக் கை பழகிவிட்டதா, எனக்கே தெரியாது. சாயங்காலம் யசோகிச்சி பொதுக் குளியல் கூடத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தத் தட்டை மூட்டை அவன் காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கிளம்பியது. நான் சுவரோரமாக உட்கார்ந்து சட்டங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

"இங்க பாரு," என்றான் யசோகிச்சி. "மிகசாயாக்காரன் விசிறி. காதுக்கு மேல மூணாவது முடி. நடுவுல உடைஞ்சிருக்கு. தெரியுதா?"

"தெரியுது."

"அது என் கை. உளி நழுவிடுச்சு. முதல் தாள் எடுத்துப் பாத்தப்பதான் கண்ணுல பட்டுது. அந்த இடத்தை மட்டும் தோண்டி, வேற மரத்துண்டு பதிச்சு, திரும்பச் செதுக்கினேன். அதுக்கப்புறம் எடுத்த எந்தத் தாள்லயும் அந்த உடைசல் இல்லை. இவன் செதுக்கினதுல இருக்கு. அப்ப அவன் கைக்குப் போனது அந்த முதல் தாள்தான்."

விசிறியைத் தரையில் போட்ட சத்தம். அவனே தொடர்ந்தான்.

"அதை உங்கிட்டக் குடுத்து அடுப்புல போடுன்னு சொன்னேன். போட்டியா?"

"போடலை."

"போடலை! அண்ணனுக்குக் கொண்டுபோய்க் குடுத்தே."

"அண்ணனுக்குக் குடுக்கலை."

"மிகசாயாவில உனக்கு வேற யாரு இருக்கா? இதுக்கு முன்னால எதெல்லாம் போச்சு? அண்ணன் அங்க சேந்ததிலிருந்தே இதே வேலையா? ஊரே சிரிக்குது, மூட்டையோட அகலம் முதற்கொண்டு சொல்றாங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாள் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஓமினே அதை எனக்குத்தான் கொடுத்தாள்.

குளிர் விடாத நாள் அது. என் அடுப்பு விசிறி கிழிந்துபோய், பானை மூடியை வைத்துக் கரிக்கு வீசிக்கொண்டிருந்தேன். அவள் பின்வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இதை ஒட்டிக்குங்க. நல்ல கெட்டித் தாள், அடுப்புல போட மனசு வரலை. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். ஒரு கீற்று உடைந்து ஒதுக்கிப்போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒட்டிக்கொண்டேன். நிறமில்லை, வெறும் கறுப்புக் கோடு. எங்கள் தொழிலில் நிறம் ஏறாத தாளை யாரும் படம் என்று நினைப்பதே இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தாலேயே மத்தி மீன் சுட்டேன்.

அப்போதுதான் தென்சோ வந்தான். கடலோர ஊரிலிருந்து மூங்கில் சட்டம் கொண்டுவருகிறவன். ஒகினோயாவுக்கும் போடுவான், மிகசாயாவுக்கும் போடுவான். மீன் தின்றான். "ஓதாமி, இந்தக் கை பட்டா முள்ளுகூட ருசிக்குது" என்றான். எழுந்து போகும்போது, "வழியில வெயில். அந்த விசிறியைக் குடேன், உன் ஞாபகமா இருக்கட்டும்" என்றான். எனக்கு நாற்பத்தொன்று. என்னை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று ஒன்பது வருஷமாக ஒருத்தன் சொன்னதில்லை. கொடுத்தேன். இரண்டாம் மாதத்தில் என்ன வெயில்? அதைக்கூட நான் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு சட்டத்தை வேறு ஆள்தான் கொண்டுவந்தான்.

இதெல்லாம் தெரிந்தும் நான் போய்ச் சொன்னேனா? இல்லை. சொன்னால் ஒகினோயா அன்றைக்கே சட்டங்களை எடுத்துக்கொண்டுபோய்விடும். கிணற்றடியில் ஓயாத என் வாய் அந்த நாலு நாளும் அடைத்துக் கிடந்தது. ஓமினே சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம். சந்தில் காலடிச் சத்தம் கேட்டால் ரிஹேய்தான் என்று நினைப்பேன். அவள் துணி உலர்த்த வந்தால் கம்புக்கு இந்தப் பக்கமிருந்து அவள் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. எப்போதும்போல, "வெயில் இன்னிக்கு நல்லா இருக்கு அக்கா" என்பாள். என்னை வேவு பார்க்கிறாள் என்றுகூட நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு அப்படி நினைக்கச் சொன்னது.

ஐந்தாம் நாள் ரிஹேய் வந்தார். யசோகிச்சி அவருக்கு முன்னால் தலை தரையில் படும்படி குனிந்தான்.

"என் வீட்டுக்காரிதான் காரணம். தீத்து விட்டுட்டேன். விலக்குச் சீட்டும் எழுதியாச்சு."

எங்களூரில் பெண்டாட்டி உறவைத் தீர்த்துவிட மூன்றரை வரி எழுதினால் போதும். ஒரு நாளைக்கு நூறு முடி செதுக்குகிற கைக்கு அது எவ்வளவு நேரம்? ஓமினே அந்தச் சீட்டை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு, ஒரே ஒரு மூட்டையுடன் வெளியே வந்தாள். பருவ மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட வருஷம் அது. சந்தெல்லாம் சேறு. என் வாசலில் நின்றாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, பசை தீயுது," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். தீய்ந்துதான் போயிருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவள் சந்து முனையைத் தாண்டியிருந்தாள்.

மூன்று நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் ஒட்டின விசிறியெல்லாம் சுருங்கிப் போயிற்று. அப்படியே போட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து ஹோன்ஜோவுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் கிங்கோரோ. மழைக்கு உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"யாரு நீ? ஒகினோயா அனுப்பிச்ச ஆளா?"

"இல்லைப்பா. ஓமினே வீட்டுக்குப் பக்கத்து வீடு."

"ஓ, அந்தக் கிணத்தடிக்காரியா. கேட்டுக்கோ. என் தங்கச்சி எனக்கு ஒரு தாளும் தரலை. கடையில குடுத்தாங்க, செதுக்கினேன். விசிறியிலிருந்து உரிச்ச தாள். யாரு வீட்டுதுன்னு எழுதியா ஒட்டியிருந்துச்சு?"

உள்ளே ஓமினே முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கத்தி நிற்கவில்லை. நான் ஈரத்தோடு உட்கார்ந்தேன்.

"அந்த விசிறி..." என்று இழுத்தேன்.

"தெரியும் அக்கா. தென்சோ அதை வீசிக்கிட்டே போனதை நான் பாத்தேன். ரெண்டாம் மாசத்துல எவன் விசிறி வீசுவான்?"

"அடிப்பாவி, அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உங்களுக்குச் சட்டம் வராது. முதல் நாள் அப்படித்தான் நினைச்சேன்." முள்ளங்கியை ஒதுக்கினாள். "ரெண்டாம் நாள் வேற மாதிரி நினைச்சேன். அவரா கேக்கட்டும்னு. யாருக்குக் குடுத்தேன்னு ஒரு வார்த்தை. நாலு வருஷம் ஒரே சட்டியில தின்னிருக்கோம். கேக்கலை அக்கா. குடுத்தேன்னு தெரிஞ்ச உடனே, அண்ணனுக்குன்னு அவரே முடிவு பண்ணிட்டார்."

நான் நனைந்த துணியின் நுனியைப் பிழிந்தேன். அவளே மேலே பேசினாள்.

"தட்டையா இருந்துச்சுன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன்மா."

"கருவாடு. தட்டை மீன் ரெண்டு. அண்ணனுக்குப் பிடிக்கும். பலகாரம் கீழ இருந்துச்சு, அது மேல இருந்துச்சு."

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அழுதேன். அவள் அழவில்லை.

"நான் போய்ச் சொல்லிடறேன்மா. இன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லுங்க. அது உங்க பாடு. என்னை வான்னு மட்டும் கூப்பிடாதீங்க."

நேராக யசோகிச்சி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தான். பலகையில் ஒட்டி எண்ணெய் தடவின தாளில் கோடு தெரிய வேண்டுமென்று மூக்கு பலகையில் படும்படி குனிந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். மத்தி மீனைக்கூட விடவில்லை. கேட்டுவிட்டு உளியை வைத்தான்.

"கிங்கோரோ சொல்லி அனுப்பினானா?"

"என்னடா தம்பி சொல்றே?"

"பாலத்தைத் தாண்டிப் போனீங்க. திரும்பி வந்து இந்தக் கதையைச் சொல்றீங்க. உங்களுக்கு என்ன தரேன்னான்?"

அட, என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"அந்த மிகசாயா விசிறியை எடு. எடுடா! தோளைப் பாரு. கழுத்திலிருந்து இறங்கற கோடு. நடுவுல லேசா மடங்கி, திரும்பச் சரியாப் போகுதா?"

"அது கிங்கோரோ கை நடுங்கினது."

"கிங்கோரோ கை நடுங்கி நீ பாத்திருக்கியா?"

கிங்கோரோவின் கை எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியாதா? அந்தக் கையைப் பார்த்துத்தானே தங்கையைக் கேட்டுப் போனான்.

"அது என் சட்டம். ஒரு கீற்று உடைஞ்ச சட்டம். கீற்று இல்லாத இடத்துல தாள் உள்வாங்கிச் சுருங்கும், கோடும் மடங்கும். அவன் உரிச்ச தாளை அப்படியே கவிழ்த்து ஒட்டி, சுருக்கத்தையும் சேத்துச் செதுக்கியிருக்கான். உன் வீட்டிலிருந்து நேரா அவனுக்குப் போயிருந்தா இந்தச் சுருக்கம் எங்கேயிருந்து வரும்? அந்தத் தாள் ஒரு விசிறியா இருந்திருக்குடா. நான் ஒட்டின விசிறி."

என் வீட்டிலிருந்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, ஒரு கீற்றை உடைத்து, மிகசாயா விசிறியின் மேல் வைத்துக் காட்டினேன். இடைவெளி சரியாகத் தோளின் மேல் உட்கார்ந்தது. அவன் விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"அவ ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீ கேட்டியா?" என்றேன்.

ஒகினோயாவிலும் போய் நானே சொன்னேன். ரிஹேய் விசிறியையும் சட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். யசோகிச்சியின் பலகையை நிறுத்தவில்லை. என் வீட்டிலிருந்த சட்டங்களை அன்று சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவரைக்காய் வேகவைத்துச் சந்துமுனையில் விற்கிறேன். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள்.

யசோகிச்சி ஹோன்ஜோவுக்கு மூன்று தடவை போய் வெறுங்கையோடு வந்தான். நாலாவது தடவை, மழை விட்ட பிறகு, ஓமினே அவனுக்கு நாலடி பின்னால் நடந்து வந்தாள். வாசலிலேயே அவன், "அந்தச் சீட்டைக் குடு, கிழிச்சுப் போட்டுடறேன்" என்றான்.

"அது என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

அவனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைப்பு. வேலைக்கு நடுவில் பாடுகிறான். அவளும் சமைக்கிறாள், துவைக்கிறாள். என்னிடம்கூட வெயில் நன்றாக இருக்கிறது என்கிறாள். ஆனால் புதுப் பலகை வந்து, அவன் முதல் தாளை எடுத்துப் பார்த்து அவளிடம் கொடுக்கிற நாள் வருமே, அன்றைக்கு நான் அவரைக்காய்ப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவேன். வேண்டாம் என்றாலும் காது கேட்கத்தானே செய்கிறது.

"ஏங்க, வாங்க இங்க."

"வேலையா இருக்கேன், ஓமினே."

"வந்துட்டுப் போங்க."

உளி கீழே வைக்கிற சத்தம். அவன் எழுந்து அடுப்படிக்கு வருகிற சத்தம்.

"முதல் தாள். ஒண்ணுதான். அடுப்புல போடறேன். பாத்துக்குங்க."

"சரி சரி. எதுக்கு இதெல்லாம்? நான் உன்னை நம்பறேன்."

"நம்ப வேண்டாங்க. பாருங்க."